சிவப்புக் கயிறு கட்டின பென்டிரைவ்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற ஜெராக்ஸ் கடைகளில் எதில் வேண்டுமானாலும் நுழைந்து ஒரு மனு டைப் அடிக்கணும் என்று சொல்லுங்கள், அடித்துக் கொடுப்பார்கள். ஆனால் அழுதுகொண்டு வருகிற ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து, தண்ணி கொடுத்து, "முதல்ல நடந்ததைச் சொல்லுங்க, அப்புறமா அடிக்கலாம்" என்று கேட்கிற கடை ஒன்றுதான். அது சந்திரகலா கடை. திங்கட்கிழமை மனு நாள் வந்தால் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் இறங்குகிற ஜனம் நேராக அங்கேதான் வரும். பட்டா மாறவில்லை, பென்ஷன் நின்றுபோச்சு, தம்பி வரப்பை வெட்டிவிட்டான், எல்லாக் கதையும் சந்திரகலா காதில் விழுந்துதான் கலெக்டர் மேஜைக்குப் போகும். கதையைக் கேட்டுக்கொண்டே விரல் அடித்துக்கொண்டிருக்கும். சொல்கிறவர் மூக்கைச் சிந்தி முடிக்கும்போது மனு பிரிண்டரில் வந்துகொண்டிருக்கும்.

அந்தக் கடையில் இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் விண்டோஸில் இல்லை, யாரும் காசில்லாமல் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸில் ஓடுகிறது. மனு கொடுக்க வருகிறவர்களுக்கு அது தெரியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது? முன்னாடி எல்லாக் கடையும் போல அவளும் யாரோ போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை, கடை வாசலில் கூட்டம் நெரிகிற நேரத்தில், எவனோ கொண்டுவந்த பென்டிரைவில் இருந்து வைரஸ் ஏறி மொத்தமும் படுத்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் இஞ்சினியரிங் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்த மகன் இளஞ்செழியன் வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸைப் போட்டான்.

"இருந்ததையும் கெடுத்துட்டியாடா? எங்க இருக்குது என்னன்னே தெரியலையே" என்று சந்திரகலா கத்தினாள்.

"ஒரு மாசம் ஓட்டும்மா. புடிக்கலன்னா மாத்திடறேன்" என்றான். அந்த ஒரு மாசம் முடிந்ததும் அவளும் மாற்றச் சொல்லவில்லை.

பேச்சு கம்மி அவனுக்கு. வீட்டில் "ம்", "சரிம்மா", "சாப்ட்டேன்", இவ்வளவுதான். படிப்பு முடிந்தும் சென்னைக்குப் போகவில்லை. ஏதோ கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை செய்துகொண்டு, கடையின் உள்ளறையில் லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டான். ஆனால் கம்ப்யூட்டருக்குள்ளே அவன் வேறு ஆள். அவனும், அடி அண்ணாமலையில் வீடு இருக்கிற கலையரசன் என்கிற அரசுப் பள்ளி வாத்தியாரும் சேர்ந்து அருணை லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்கு இணையத்தில் ஒரு மன்றம். யாருக்கு எந்தச் சந்தேகம் என்றாலும் அதில் கேட்கலாம், தெரிந்தவர் பதில் எழுதலாம். மன்றத்துக்கு இளஞ்செழியன் போட்ட விதி ஒன்று உண்டு. கேள்வி கேட்டவர் பதில் கிடைத்ததும் ஓடிவிடக் கூடாது. கடைசியில் என்ன ஆச்சு, சரியாச்சா இல்லையா என்று எழுதி, மேலே "முடிந்தது" என்று போட்டுவிட்டுத்தான் போகணும். அடுத்து அதே கஷ்டத்தோடு வருகிறவனுக்கு அது உதவும். "முடிந்தது" போட்ட கேள்விக்குக் கீழே அதற்கப்புறம் யாரும் எழுதக் கூடாது. நன்றி, வாழ்த்து, கும்பிடு எதுவும் கூடாது.

மாசத்துக்கு ஒருதரம் கடையிலேயே கூடுவார்கள். பௌர்ணமிக்கு அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி அன்றைக்கு இந்த ஊரில் எவன் எங்கே நகர முடியும்? கிரிவலக் கூட்டம் வடிந்து, ஆட்டோக்காரர்கள் பழையபடி மனுஷர்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் கூட்டம் வைக்க முடியும். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பார்கள். மேஜையில் ஒரு ஸ்வீட் டப்பா இருக்கும். அதில் எல்லாரும் தங்களிடம் சும்மா கிடக்கிற பென்டிரைவைக் கொண்டுவந்து போடுவார்கள். அதை அழித்து, லினக்ஸை ஏற்றி, புதுசாக வருகிறவர் கையில் ஒன்று கொடுப்பார்கள். வாங்கினவர் தன் மிஷினில் போட்டுக்கொண்டதும் அதை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட வேண்டும். பென்டிரைவ் ஒருத்தரிடமே தங்கக் கூடாது என்பது குழுவின் பழக்கம்.

சந்திரகலா முதலில் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குழுவில் ஒருத்தியாகவே ஆகிவிட்டாள். அது எப்படி என்றால், லினக்ஸை மிஷினில் ஏற்றும்போது திரையில் வருகிற வாசகங்களை எல்லாம் தமிழில் மாற்றுகிற வேலையைக் குழு எடுத்துக்கொண்டது. ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு மன்றத்தில் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். டிஸ்க்கை அழிப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை வரும். அதற்கு யாரோ "வட்டிலுள்ள தரவு யாவும் நீக்கப்படும், தொடர விருப்பமா" என்று எழுதியிருந்தார்கள். இளஞ்செழியன் அதை அம்மாவிடம் காட்டினான்.

"இதைப் படிச்சா எவனுக்குடா பயம் வரும்? ரேஷன் கடைல பாமாயில் வேணுமான்னு கேக்கற மாதிரி இருக்குது" என்றாள் சந்திரகலா. அந்த இடத்திலேயே வேறு மாதிரி அடித்துக் கொடுத்தாள். "இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பிறகு அழுதாலும் வராது. வேண்டியது எதுவும் உள்ளே இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்."

அதைப் போட்டதும் மன்றத்தில் ரகளை. கம்ப்யூட்டர் இப்படி எல்லாம் பேசக் கூடாது, அழுதாலும் வராது என்பது மரியாதைக் குறைவு என்று ஒரு கட்சி. நம் ஜனத்துக்கு இப்படிச் சொன்னால்தான் உறைக்கும் என்று இளஞ்செழியன் ஒருத்தனே ஒரு கட்சி. வீட்டில் வாயைத் திறக்காத பையன் அங்கே பக்கம் பக்கமாக வாதாடினான். எழுதினது தன் அம்மா என்று கடைசிவரை சொல்லவில்லை. ஜெயித்த பிறகுதான் சொன்னான். லினக்ஸை ஏற்றுகிற இடத்திலும், பென்டிரைவில் லினக்ஸை எழுதுகிற இடத்திலும் அந்த வாசகமே நின்றது.

அன்றைக்குச் சந்திரகலாவுக்குத் தரையில் கால் படவில்லை. சாயங்காலமே அம்மன் சன்னதியில் அர்ச்சனை பண்ணி, சிவப்புக் கயிறு வாங்கிவந்து அவன் மணிக்கட்டில் கட்டினாள். டைப் அடிக்கும்போது உரசுகிறது என்று ரெண்டு நாளில் அவிழ்த்துவிட்டான். அவள் திட்டுவாள் என்று தெரியும். அதனால் கயிற்றைத் தன் பென்டிரைவ் ஒன்றில் கட்டி, கடையில் காலண்டர் மாட்டியிருக்கிற ஆணியில் அவள் கண்ணில் படுகிற மாதிரி தொங்கவிட்டான். எப்போதாவது எடுப்பான், திரும்ப அங்கேயே மாட்டுவான். அவனிடம் இருக்கிற பத்துப் பென்டிரைவில் அதுவும் ஒன்று என்று அவள் விட்டுவிட்டாள்.

போன ஆடி மாசம், கீழ்பென்னாத்தூரில் இருந்து பைக்கில் திரும்பி வரும்போது, ரோட்டோரம் விளக்கு இல்லாமல் நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரில் மோதி இளஞ்செழியன் போய்விட்டான். இதை எப்படிச் சுற்றிவளைத்துச் சொன்னாலும் அவ்வளவுதான். அவனுக்கு வயசு இருபத்தாறு.

இனிமேல்தான் கதை.

சுவரில் மாட்டுவதற்குப் போட்டோ வேண்டும் என்றார்கள். தேடினால் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் போட்டோ எடுத்துக் கொடுக்கிறவன் அவன்தான், அதனால் எந்தப் போட்டோவிலும் அவன் இல்லை. ஆல்பம் முந்தின டிசம்பர் புயல் மழையில் கடைக்குள் தண்ணி புகுந்தபோது ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டது. நல்லவேளையாக அதற்கு முன்னாலேயே அவன் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணித் தன் லேப்டாப்பில் வைத்திருந்தான். சந்திரகலா போனில் இருந்ததையும் "இடம் ரொம்பிடுச்சும்மா, நான் வெச்சிக்கிறேன்" என்று லேப்டாப்புக்கு மாற்றி, போனில் துடைத்துவிட்டான். அவன் போவதற்கு முந்தின கார்த்திகைக்கு அவனும் அவளும் கிரிவலம் போனபோது, இளநீர் கடையில் நின்று அவள் ஏதோ சொல்ல, அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அவன் சிரிப்பதே அபூர்வம். அதை அவள் தன் போனில் எடுத்தாள். அதுவும் லேப்டாப்பில்தான். கூகுளில் வைக்கலாமே என்று அவனிடம் யாரோ கேட்டதற்கு, "அடுத்தவன் வீட்டு பீரோல நம்ம துணியை எதுக்கு வெக்கணும்?" என்றானாம். அவனோட சேர்ந்தே அவன் போனும் நொறுங்கிவிட்டது.

கடைசியில் காலேஜ் அடையாள அட்டையில் இருந்த போட்டோவைப் பெரிசு பண்ணி மாட்டினார்கள். விறைப்பாக, யாரோ அதட்டி உட்காரவைத்த மாதிரி இருந்தது. அவனுடைய அப்பா சின்னசாமி அதைப் பார்த்துவிட்டு, "இவன் யார்ரா?" என்று கேட்டார். அன்றைக்கே சந்திரகலா மனசில் முடிவு பண்ணிவிட்டாள். லேப்டாப்பில் இருக்கிற அந்தச் சிரிக்கிற போட்டோவை எடுத்து மாட்டிவிட வேண்டும்.

காரியம் முடிந்து ஒரு மாசம் கழித்து, பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குழு கடைக்கு வந்தது. கூட்டம் நடத்துவதா வேண்டாமா என்று அவர்களுக்கே தயக்கம். "நடத்துங்க. அவன் இருந்தா நிறுத்துவானா?" என்றாள் சந்திரகலா. அன்றைக்குப் புது ஆட்கள் ஜாஸ்தி, செத்துப்போனவனுக்காக வந்தவர்களும் உண்டு. டப்பாவில் பென்டிரைவ் போதவில்லை. சந்திரகலா உள்ளே போய் மகன் மேஜையில் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். ஆணியில் தொங்கினதைப் பார்த்தாள். வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அப்புறம், கயிறு கட்டின பொருள் நாலு பேர் கைக்குப் போனால் அவனுக்கும் நல்லதுதானே என்று எடுத்துவிட்டாள்.

எழுதுவதற்கு முன்னால் அவள் ஒவ்வொன்றையும் செருகித் திறந்து பார்த்தாள். அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பார்க்காமல் பண்ணிவிட்டாள் என்று பின்னால் சில பேர் பேசினார்கள். பார்த்தாள். சிவப்புக் கயிறு கட்டினதில் எதுவுமே இல்லை, வெறும் காலி. திரையில் அவளுடைய வாசகமே வந்தது. இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பிறகு அழுதாலும் வராது. "ஆம்" என்பதை அமுக்கினாள். வரிசையில் நின்றிருந்த ஒரு நர்ஸ் பெண், தேவிப்ரியா என்று பேர், அதை வாங்கிக்கொண்டு போனாள்.

லேப்டாப்பை அதற்கு அடுத்த வாரம்தான் தொட மனசு வந்தது. அவன் அதை அணைப்பதே கிடையாது. மூடி மட்டும் வைப்பான், நாப்பது நாள் அம்பது நாள் அணைக்காமல் ஓட்டினேன் என்று மன்றத்தில் பீற்றிக்கொள்வான். இத்தனை நாளில் சார்ஜ் இறங்கித் தானாக அணைந்திருந்தது. சார்ஜரைச் செருகி ஆன் பண்ணினாள். கருப்புத் திரையில் ரெண்டே வரி. சாவி கிடைக்கவில்லை. கடவுச்சொல்லைத் தரவும்.

கலையரசன் வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "டிஸ்க்கையே பூட்டி வெச்சிருக்கான்கா. கடவுச்சொல் இல்லாம உள்ள இருக்கறது வெறும் தூள். கழட்டி வேற மிஷின்ல போட்டாலும் தூள்தான்."

"உடைக்க முடியாதா சார்?"

"உடைக்க முடியாதுன்னுதானே அதைப் போடறதே." திரை சாவி என்று சொன்னதையும் கடவுச்சொல் என்றே இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

சந்திரகலா மன்றத்தில் எழுதினாள். அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். "என் மகன் இளஞ்செழியனின் லேப்டாப்பைத் திறக்க வழி உண்டா? உள்ளே அவன் சிரிக்கிற படம் ஒன்று இருக்கிறது."

அய்யோ, மன்றம் அன்றைக்குத் திரண்ட மாதிரி எதற்கும் திரண்டதில்லை. பார்த்தே இராத ஆட்கள், திண்டிவனம், ஆம்பூர், எங்கோ சிங்கப்பூர், எல்லாரும் எழுதினார்கள். அவர் எனக்கு பிரிண்டர் சரிபண்ணிக் கொடுத்தார், அவர்தான் எனக்கு முதல் பதில் எழுதினவர் என்று ஆரம்பித்து, கடவுச்சொல் என்னவாக இருக்கும் என்று ஆளாளுக்கு யோசித்தார்கள். மலை பேரைப் போட்டுப் பாருங்கள் என்றார்கள். அம்மா பேர், குழு பேர், அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரன் பேர் என்று வந்துகொண்டே இருந்தது. கீழ்பென்னாத்தூரில் லோடு வண்டி ஓட்டுகிற வல்லரசு, "அவருக்கு எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு மொளகா பஜ்ஜின்னா உசுரும்மா, அதைப் போட்டுப் பாருங்க" என்று எழுதினான். சந்திரகலாவுக்கு அது தெரியாது. வீட்டில் பஜ்ஜி போட்டால் தொடமாட்டானே? ஒவ்வொருத்தரும் சொல்வதை மனு இல்லாத நேரத்தில் உட்கார்ந்து அடித்து அடித்துப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைப் பற்றி ஊர் உலகத்துக்கே தன்னைவிட ஜாஸ்தி தெரிந்திருக்கிறது என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அதே நேரத்தில், இன்னும் சொல்லுங்கள் இன்னும் சொல்லுங்கள் என்று கேட்கத் தோன்றியது.

ஒன்றும் திறக்கவில்லை.

"விட்டுடேன் கலா" என்றார் சின்னசாமி. மார்க்கெட் கமிட்டியில் நிலக்கடலை போட்டுவிட்டு வந்து கடை வாசலில் நின்றிருந்தார். "பொட்டியைத் தொறந்துட்டா வந்துடப்போறானா?"

"சிரிக்கிற மூஞ்சை ஒரு தரம் பாக்கணும்ங்க. எனக்கு மறந்துகினே வருது."

அவர் அதற்கப்புறம் விட்டுவிடு என்று சொல்லவில்லை. தினம் சாயங்காலம் வந்து, "தொறந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார்.

பிறகுதான் சந்திரகலா ஒரு காரியம் பண்ணினாள். மன்றத்தில் இளஞ்செழியன் எழுதின எல்லாவற்றையும் முதலில் இருந்து படிக்க ஆரம்பித்தாள். எங்காவது ஒரு துப்பு இருக்காதா என்றுதான் ஆரம்பித்தாள். வருஷக் கணக்கில் எழுதியிருக்கிறான். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டால் நாலு பேருக்கும் புதுசாகப் பதில். ஒரு ஆள் ஏதோ சத்தம் வரவில்லை என்று மூன்று நாள் இவனைப் போட்டு வாட்டியெடுத்திருக்கிறார், கடைசியில் ஸ்பீக்கர் வயரே செருகவில்லை. அதற்கு இவன், "எனக்கும் இப்படி ஆகியிருக்குதுங்க" என்று எழுதியிருந்தான். இப்படி எல்லாம் பேசுவானா? தன்னிடம் ஒருநாள் இப்படிப் பேசியிருக்கக் கூடாதா? கடையில் யாரும் இல்லாத மத்தியானங்களில் படிப்பாள், அழுவாள், மனு வந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடிப்பாள். தினம் கொஞ்சமாகத்தான் படித்தாள். சீக்கிரம் தீர்ந்துவிடப் போகிறதே என்று பயம்.

அப்படிப் படித்துக்கொண்டு வருகையில் அது கிடைத்தது. டிஸ்க்கைப் பூட்டுவது எப்படி என்று அவன் எழுதின ஒரு பாடம். அதற்குக் கீழே கேள்வி பதில். கடவுச்சொல் வைத்தால் மறந்துவிடுகிறது என்பதால் அதை எடுத்தே விட்டேன், சாவியை ஒரு சின்ன ஃபைலாகப் பென்டிரைவில் வைத்திருக்கிறேன், அதைச் செருகி ஆன் பண்ணினால் திறந்துகொள்ளும் என்று எழுதியிருந்தான். திண்டிவனத்துக்காரர் ஒருத்தர் கேட்டிருந்தார். "பென்டிரைவ் தொலைஞ்சிட்டா? எங்க வெச்சிருக்கீங்க?"

அவன் பதில் இது. "கடையில காலண்டர் ஆணில தொங்குதுங்க, அம்மா கட்டின சிவப்புக் கயிறோட. அவங்க கண்ணு எப்பவும் அங்கதான் இருக்கும். எங்கம்மா கண்ணுல படற பொருள் எதுவும் இதுவரைக்கும் தொலைஞ்சதில்ல. இதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியல."

சந்திரகலா ஆணியைப் பார்த்தாள். காலண்டர் மட்டும் இருந்தது.

கலையரசன் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தார். காலியாகத்தானே இருந்தது சார், நான் திறந்து பார்த்தேனே சார் என்று அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வெச்சிட்டா அந்த ஃபைல் கண்ணுக்குத் தெரியாதுக்கா. லினக்ஸ்ல அது வழக்கம். சாவியை எல்லாரும் அப்படித்தான் வெப்பாங்க." இத்தனை வருஷம் மனு அடித்தவளுக்கு அந்தப் புள்ளியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மனு எதையும் யாரும் ஒளித்துவைப்பதில்லை.

நகல் ஏன் எடுத்துவைக்கவில்லை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாடத்தின் கடைசியில் அவனே எழுதியிருந்தான், சாவிக்கு ஒரு நகல் எடுத்துவையுங்கள், நானும் எடுக்கணும் என்று. இருபத்தாறு வயசில் எவன்தான் அதை அன்றைக்கே எடுத்துவைப்பான்? நீங்கள் எடுத்துவைத்துவிட்டீர்களா?

மன்றத்தில் கேட்டார்கள். சிவப்புக் கயிறு கட்டின பென்டிரைவ் யார் கையில் இருக்கிறது? பதில் வந்த விதம்தான் சந்திரகலாவை அறுத்துப்போட்டது. தேவிப்ரியா அதில் இருந்து தன் லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் தன் அண்ணனுக்கு. அவர் மூலமாக ஒரு டியூஷன் சென்டருக்கு. அங்கிருந்து ஒரு பஞ்சாயத்து நூலகத்துக்கு. ஒவ்வொருத்தரும், இதோ இந்த மிஷினுக்குப் போட்டோம்மா என்று போட்டோ எடுத்து அனுப்பினார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு திரைக்கு முன்னால் நிற்கிறார்கள். எல்லாத் திரையிலும் தமிழ். கயிறு மட்டும் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுக்காகிக்கொண்டு வந்தது. எந்த இடத்திலும் அது தங்கவில்லை. குழுவின் பழக்கத்தை எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்கள். ஒருத்தராவது சோம்பேறியாக இருந்து மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கக் கூடாதா என்று சந்திரகலா நினைத்தாள். பிறகு, வைத்திருந்தாலும் என்ன, அழித்தது தான்தானே என்று நினைவு வந்தது.

வல்லரசு லோடு இறக்கிவிட்டு வருகிற வழியில் எங்கெங்கோ விசாரித்து அதை வாங்கிவந்து கொடுத்தான். இரண்டு கையாலும் கொடுத்தான். "கெடைச்சிடும்மா" என்றான்.

நம்பிக்கை கொஞ்சம் இருந்தது. எழுதினது பென்டிரைவில் முன்பாதியில்தான், பின்னால் இருக்கிற இடத்தில் பழையது தப்பியிருக்கலாம் என்று கலையரசன் சொன்னார். சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தார். சின்னசாமி அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போகவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்து, மனு கொடுக்க வந்தவரைப் போல ஸ்டூலில் ஓரமாக உட்கார்ந்தார். கலையரசன் பென்டிரைவின் ஒவ்வொரு மூலையாகத் துழாவினார். மன்றத்தில் இருந்து இரண்டு மூன்று பேர் போனில் சொல்லச் சொல்ல வேறு வேறு வழியில் பார்த்தார். மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அந்தச் சாவி ரொம்பச் சின்ன ஃபைலுக்கா" என்றார் கடைசியில். அவளைப் பார்க்காமல் சொன்னார். "பென்டிரைவ்ல அது மட்டும்தான் இருந்திருக்குது. அதனால முதல்ல உக்காந்திருக்குது. நாம எழுதுனது முதல்ல இருந்துதான். போயிடுச்சுக்கா."

சின்னசாமி எழுந்து வந்து வாத்தியார் தோளைத் தட்டினார். "உங்களால ஆனதைப் பாத்துட்டீங்க சார். போய்ச் சாப்புடுங்க" என்றார். வெளியே போய் வண்டியை எடுக்கிறேன் என்று போனவர், வண்டி மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார்.

எல்லாரும் போன பிறகு சந்திரகலா ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணினாள். பலிக்காது என்று தெரியும். தெரிந்தும், அந்தப் பென்டிரைவை எடுத்து, மகன் செருகுகிற மாதிரியே லேப்டாப்பின் இடதுபக்கம் செருகி, ஆன் பண்ணினாள். இந்தத் தடவை கருப்புத் திரையில் அந்த இரண்டு வரி வரவில்லை. திறந்துகொண்டது என்றே ஒரு கணம் நினைத்தாள். வெளிச்சமாக ஒரு திரை வந்தது. "வணக்கம். இந்தக் கணினியில் லினக்ஸை நிறுவலாமா?"

அவன் சாவி இருந்த பென்டிரைவ் இப்போது வேறு பொருள் இல்லையா, அது தன் வேலையைத்தான் செய்தது. அடுத்து அமுக்கினாள். அடுத்து. ஒரு டிஸ்க் பூட்டியிருக்கிறது, அதை அழித்து எழுதலாமா என்று கேட்டது. அதற்குக் கீழே அவள் எழுதின வாசகம், அவன் மல்லுக்கட்டி ஜெயித்துக் கொடுத்த வாசகம், கொட்டை எழுத்தில் நின்றது. இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பிறகு அழுதாலும் வராது. வேண்டியது எதுவும் உள்ளே இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"பாத்தேன்டா" என்றாள் சந்திரகலா சத்தமாக. "பாத்துட்டுத்தான்டா பண்ணேன்."

லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவை உருவி எடுத்தாள். ஆணியில் மாட்டலாம் என்று போனவள், திரும்பிவந்து அதை ஸ்வீட் டப்பாவிலேயே போட்டாள். கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

பிறகு கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மன்றத்தைத் திறந்தாள். அவளுடைய கேள்வி இன்னும் திறந்தே கிடந்தது. கேட்டவர்தான் முடிக்கணும், விதி அது. அவள் எழுதினாள்.

"லேப்டாப்பைத் திறக்க வழி இல்லை. சாவி இருந்தது, நான்தான் அழித்தேன். காலி என்று நினைத்தேன். இதே கேள்வியோடு இனி வருகிறவர்களுக்கு: புள்ளி வைத்த ஃபைல் கண்ணுக்குத் தெரியாது. மறைந்திருப்பதைக் காட்டு என்று ஒன்று இருக்கிறது, அழிப்பதற்கு முன்னால் அதை அமுக்கிப் பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டுகிற பிள்ளைகளுக்கு: சாவி எது என்று வீட்டில் ஒருத்தருக்குச் சொல்லிவையுங்கள். அம்மா கண்ணில் பட்டால் போதும், பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அவளுக்கு அது என்னவென்று தெரியாது."

மேலே "முடிந்தது" என்று போட்டாள்.

போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யாராவது கீழே ஒரு வார்த்தை எழுதமாட்டார்களா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. ஒரு கும்பிடாவது போடமாட்டார்களா? யார் யார் படிக்கிறார்கள் என்று பக்கத்து ஓரத்தில் பேரும் எண்ணும் ஏறிக்கொண்டே போயின. நூறு பேருக்கு மேல் படித்தார்கள். திண்டிவனத்துக்காரர் இருந்தார், வல்லரசு இருந்தான், கலையரசன் இருந்தார். ஒருத்தர்கூட எழுதவில்லை. இளஞ்செழியன் போட்ட விதியை எல்லாரும் மதித்தார்கள்.